பாய்வதற்கு முன் ஒரு பாட்டு: நீச்சல் வீரர்களின் இசையும் உடப்பின் அம்பாவும்

நீச்சல் போட்டியில் நீந்தும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம்தான் பல மடங்கு அதிகம். முன்னணி வீரர்களுக்கு 100 மீற்றர் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முன்னால் உடலைச் சூடாக்கும் நீச்சல் இருக்கிறது. தோலோடு இறுகப் பிடிக்கும் போட்டி உடையை அங்குலம் அங்குலமாக இழுத்து ஏற்றவே கால் மணி நேரம் போய்விடும். பிறகு அழைப்பு அறை. பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் நீந்தப்போகிறவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்க்காமல், பிளாஸ்டிக் கதிரைகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பலருடைய காதுகளில் ஹெட்போன் இருக்கும். அந்த அறையில் செய்வதற்கு வேறு வேலையும் இல்லை.

உடல் தயாராகிவிட்ட பிறகு மனம் மட்டும் சும்மா இருக்கும் நேரம் அது. இதயம் வேகமாக அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், வாய் உலரும், ஐந்து நிமிடத்துக்கு முன்தான் போய்வந்த கழிப்பறைக்கு மறுபடியும் போகத் தோன்றும். இவையெல்லாம் கெட்ட அறிகுறிகள் என்று சொல்ல முடியாது. உடல் வேலைக்கு ஆயத்தமாவதன் அடையாளங்களே இவை. அளவு மீறும்போதுதான் தொல்லை. தூண்டல் மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் செயல்திறன் கெடும் என்று அமெரிக்க உளவியலாளர்களான யேர்க்ஸும் டொட்சனும் 1908இல் எலிகளை வைத்துச் செய்த ஆய்விலிருந்து ஒரு கருத்து வளர்ந்தது. விளையாட்டு வீரர்களைப் பல காலம் கவனித்த யூரி ஹனின் அதை இன்னும் திருத்தினார். எல்லோருக்கும் பொதுவான ஒரு நடு அளவு கிடையாது, ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு வரம்பு உண்டு என்பது அவர் கருத்து. ஒருவர் கொதிநிலையில் இருந்தால்தான் நன்றாக நீந்துவார். இன்னொருவருக்கு அரைத்தூக்கத்தில் இருப்பதுபோன்ற அமைதி வேண்டும்.

இசைக்கு இங்கேதான் வேலை. உரத்த, விரைந்த தாளமுள்ள பாட்டு மந்தமாக இருப்பவரை எழுப்பிவிடும். மெதுவான பாட்டு பதறுகிறவரின் மூச்சை நீட்டி இறக்கிவிடும். ஒரே வீரர் காலையில் நடக்கும் தகுதிச் சுற்றுக்கு ஒன்றையும், இரவில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு அதற்கு நேர்மாறான ஒன்றையும் கேட்கலாம். காலையில் தூக்கக் கலக்கம், இரவில் படபடப்பு. போட்டிக்கு முன் கேட்பதென்றால் அதிரடிப் பாட்டுத்தான் என்று பலர் நினைப்பது பாதி உண்மைதான். 50 மீற்றருக்கு அது பொருந்தலாம். 1500 மீற்றர் நீந்தப்போகிறவர் அப்படி முறுக்கேறிக்கொண்டு குதித்தால், முதல் 200 மீற்றரிலேயே கைச்சரக்கு முழுவதும் தீர்ந்துவிடும்.

ஹெட்போன் அணிந்த நீச்சல் வீரர் என்றதும் உலகம் நினைப்பது அமெரிக்காவின் மைக்கல் பெல்ப்ஸை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 8 தங்கம் வென்றபோது, தடாகத்தை நோக்கி நடந்து வரும்போதும் அவர் காதில் ஹிப்ஹொப் ஓடிக்கொண்டிருந்தது. தொடக்க மேடைக்குப் பின்னால் வந்த பிறகுதான் ஹெட்போனைக் கழற்றுவார். 2016 ரியோவில் 200 மீற்றர் வண்ணத்துப்பூச்சி அரையிறுதிக்கு முன் அழைப்பு அறையில் நடந்தது இன்னும் பிரபலம். தென்னாபிரிக்காவின் சாட் லீ குளோஸ், 2012 இலண்டனில் இதே போட்டியில் 0.05 செக்கனில் பெல்ப்ஸை வென்றவர். அவர் எதிரே நின்று காற்றில் குத்துச்சண்டை பயின்றுகொண்டிருந்தார். பெல்ப்ஸ் தலையில் முக்காடிட்டு, காதில் பாட்டுடன், உர்ரென்ற முகத்தோடு அசையாமல் இருந்தார். அந்த முகம் ஒரே இரவில் உலகம் முழுவதும் கேலிச் சித்திரமானது. அடுத்த நாள் இறுதிப் போட்டியில் தங்கம் பெல்ப்ஸுக்கு, லீ குளோஸ் நான்காவது. வென்றது பாட்டினால் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எதிராளி தன் கண் முன்னால் என்ன செய்தாலும் அது உள்ளே நுழையாதபடி ஒரு மதில் அங்கே இருந்தது. என்னிடம் பேசாதே என்று வாய் திறக்காமல் சொல்வதற்கும் ஹெட்போனைவிட நல்ல வழி கிடையாது.

இசை மனதில் எந்தெந்த வாசல்களால் நுழைகிறது என்பதை நெடுங்காலம் ஆராய்ந்தவர் இலண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தின் கொஸ்டாஸ் கரகியோர்கிஸ். 1999இல் அவரும் சக ஆய்வாளர்களும் நான்கு காரணிகளைச் சொன்னார்கள். தாளம் உடலை அசைக்கும் விதம் ஒன்று. மெட்டும் சுருதியும் சேர்ந்த இசைத்தன்மை இரண்டாவது. மற்ற இரண்டும் பாட்டுக்கு வெளியே இருப்பவை: கேட்பவர் வளர்ந்த சமூகத்தில் அந்த இசைக்குள்ள இடம், அந்தப் பாட்டோடு அவர் வாழ்வில் ஒட்டிக்கொண்ட நினைவு. கடைசியாகச் சொன்னதன் பலம் பெரிது. பயிற்சியில் நன்றாக நீந்திய நாள்களில் திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு, போட்டி நாளில் அந்த நாள்களின் உணர்வை அப்படியே கொண்டுவரும். அதனால் ஒருவரின் பட்டியலை இன்னொருவர் இரவல் வாங்கிப் பயனில்லை. கொழும்புச் சிறுவனுக்கு ஒரு ரஹ்மான் பாட்டு செய்வதை, அமெரிக்கருக்கு அது செய்யாது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில் பிஷப், கரகியோர்கிஸ், லொய்சூ ஆகியோர் இளம் டென்னிஸ் வீரர்களிடம் விசாரித்தபோதும், அவர்கள் பாட்டைத் தேர்ந்தெடுத்தது பிடித்திருந்ததால் மட்டுமல்ல என்பது தெரிந்தது. எந்த மனநிலை வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ற பாட்டை அவர்கள் தேடியிருந்தார்கள்.

பலன் உண்மையில் எவ்வளவு? 2020இல் பீட்டர் டெரியும் கரகியோர்கிஸும் வேறு மூவரும் உடற்பயிற்சி, விளையாட்டு, இசை பற்றிய 139 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். மனநிலை மேம்படுவதில்தான் விளைவு அதிகம். செயல்திறனில் அதைவிடக் குறைவு. களைப்பு தெரிவதும் சற்றுக் குறைந்தது. இதயத் துடிப்பில் மட்டும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பாட்டுக் கேட்டால் இதயம் அந்தத் தாளத்துக்கே துடிக்கும் என்று பேசப்படுவதை இதற்குப் பிறகு கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். நீச்சலை மட்டும் எடுத்துச் செய்த ஓர் ஆய்வும் உண்டு. 2013இல் கரகியோர்கிஸ் குழுவினர் நீருக்குள் ஒலிக்கும் கருவிகளை அணிவித்து 200 மீற்றர் நீந்தச் செய்தார்கள். இசை இல்லாதபோது எடுத்த நேரத்தைவிட இசையோடு எடுத்த நேரம் குறைவாக இருந்தது.

ஆனால் போட்டியில் அது நடக்காது. வேகத்துக்கோ மிதப்புக்கோ தாக்குப்பிடிப்புக்கோ உதவும் எந்தக் கருவியையும் அணிந்து நீந்தக்கூடாது என்பது உலக நீச்சல் சங்கத்தின் விதி. வேகத்தை வகுத்துக் கொடுக்கும் ஏற்பாடு எதுவும் கூடாது என்றும் விதி சொல்கிறது. பயிற்சியில் சிலர் நீச்சல் தொப்பிக்குள் சின்னஞ்சிறு கருவியொன்றைச் செருகி, அது போடும் 'பீப்' ஒலிக்கு ஒவ்வொரு கையாக வீசிப் பழகுவார்கள். போட்டி நாளில் அதையும் வீட்டில் விட்டுவர வேண்டும். நடுவர் குறுவிசில்களைத் தொடர்ந்து ஊதுவார். மேலாடை கழற்றப்படும், ஹெட்போன் கூடைக்குள் போகும். ஒரு நீண்ட விசில் கேட்டதும் மேடையேற வேண்டும். அதற்குப் பிறகு கேட்பது தயாராகச் சொல்லும் கட்டளையும் தொடக்க ஒலியும் மட்டும். தண்ணீருக்குள் போனால் அரங்கத்தின் ஆரவாரம்கூடத் திசை தெரியாத ஓர் இரைச்சலாகிவிடும். நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் போகிறது, காற்றில் போவதைப்போல் நாலு மடங்குக்கு மேல். இரு காதுகளையும் அது ஏறக்குறைய ஒரே கணத்தில் எட்டுவதால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மூளைக்குப் பிடிபடுவதில்லை.

ஆக, நீச்சல் வீரரின் இசை வேலை தொடங்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. மரதன் ஓடுபவருக்காவது தெருவோரப் பறை கேட்கும். இவருக்கு எதுவும் இல்லை. கேட்ட பாட்டு காதைவிட்டு இறங்கிக் கைக்கும் மூச்சுக்கும் போய்ச் சேர்ந்திருந்தால் மட்டும் மீதித் தூரத்துக்கு உதவும். காதிலேயே நின்றுபோன பாட்டு கூடைக்குள் போன ஹெட்போனோடு போயிற்று. பாட்டு உடலுக்குள் எப்படி இறங்குகிறது என்பதைப் பார்க்க, தடாகத்தை விட்டுக் கடற்கரைக்குப் போவது நல்லது. பாட்டும் உடலுழைப்பும் பிரியாமல் வாழ்ந்த இடம் அது.

புத்தளம் மாவட்டத்தில், சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, கடலையும் களப்பையும் ஒட்டி அமைந்த தமிழ் மீனவ ஊர் உடப்பு. இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பது ஊர் வழக்கு. தென்மேல் பருவக்காற்று அடங்கி மேற்குக் கடல் தணியும் காலத்தில், ஐப்பசியிலிருந்து சித்திரை வரை, இங்கே கரைவலைத் தொழில் நடக்கும். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். பெரிய வளைவாக வலையை இறக்கியபடி சென்று, மறு கயிற்றோடு தள்ளியிருக்கும் வேறோர் இடத்தில் கரை சேரும். பிறகு இரண்டு கயிற்றிலும் இரண்டு கூட்டம். மணிக்கணக்காக இழுத்து, மீன் சேரும் மடியைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். இந்த இழுவைக்குப் பாடப்படுவதுதான் அம்பா. உடப்பின் பேரோடு சேர்த்தே அம்பாப் பாட்டு பேசப்படும் அளவுக்கு ஊரின் அடையாளம் அது.

அம்பாவின் கட்டமைப்பு எளிது. குரல் வளமுள்ள ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் 'ஏலேலோ' போன்ற பல்லவியால் பதில் சொல்வார்கள். இழுவை விழுவது அந்தப் பதிலில். முன்பாட்டுக்காரர் தனியாகப் பாடும் சில விநாடிகளில் மற்றவர்களுக்கு ஓய்வு. கயிற்றைப் பிடித்த பிடி மாறும், மணலில் புதைந்த குதிகாலை எடுத்துப் புதிய இடத்தில் ஊன்றலாம், மூச்சை நிரப்பிக்கொள்ளலாம். பல்லவி வந்ததும் இருபது முப்பது உடல்கள் ஒரே கணத்தில் பின்னால் சாயும். தனித்தனியே இழுத்தால் ஒருவர் இழுக்கும்போது இன்னொருவர் தளர்த்துவார், பலம் கயிற்றிலேயே வீணாகும். அதைவிட முக்கியமாக, இரு கயிறுகளும் ஒரே அளவில் கரையேற வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை சரிந்து மீன் வெளியேறும். அம்பா இரு கூட்டத்துக்கும் ஒரே மணிக்கூடு. தோணி தள்ளும்போது ஒரு வகை, கயிறு இழுக்கும்போது ஒரு வகை என்று வேலைக்கேற்பப் பாட்டு மாறும். மடி கரைக்கு நெருங்க நெருங்கத் தாளம் விரையும். பாடல்களில் தெய்வமும் வரும், காதலும் வரும், பக்கத்தில் நிற்பவரைச் சீண்டும் கேலியும் வரும். அந்தக் கேலி வீண் பேச்சு இல்லை. வெயிலில் கை கயிற்றில் உரசித் தேயும்போது கவனத்தை வலியிலிருந்து இழுத்து எடுப்பது அதுதான்.

மேலே சொன்ன நான்கு காரணிகளையும் இதில் பொருத்திப் பார்க்கலாம். தாளம் இருக்கிறது, மெட்டு இருக்கிறது. ஊரின் பாட்டு என்ற உரிமையும், அப்பனோடு கயிறு பிடித்த நாளிலிருந்து சேர்ந்த நினைவும் இருக்கின்றன. ஆனால் அழைப்பு அறையில் இல்லாத ஒன்றும் இங்கே இருக்கிறது. இழுப்பவரே பாடுகிறார். கேட்பதற்கும் பாடுவதற்கும் உள்ள இந்த வேறுபாடு சிறியதல்ல என்பதை 2013இல் ஜெர்மனியின் லைப்சிக் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தைச் சேர்ந்த தோமஸ் பிரிட்ஸ் குழுவினர் காட்டினார்கள். உடற்பயிற்சி இயந்திரங்களை இசைக்கருவிகளாக மாற்றி, இழுக்கும் அசைவே இசையை உண்டாக்கும்படி செய்தார்கள். வெறுமனே பாட்டுக் கேட்டபடி இழுத்தபோது இருந்ததைவிட, தாமே இசையை உண்டாக்கி இழுத்தபோது களைப்பு குறைவாகவே உணரப்பட்டது. உலகெங்கும் உழைப்பாளிகள் ஏன் பாடிக்கொண்டே உழைத்தார்கள் என்பதற்கு ஒரு விளக்கம் இதில் இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். உடப்பில் கயிறு பிடித்தவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வகம் தேவைப்பட்டிருக்காது.

ஒன்றாகச் செய்வதற்கும் ஒரு பங்கு உண்டு. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத் துடுப்புப் படகு வீரர்களைப் பயிற்சி இயந்திரத்தில் தனியாகவும் குழுவாகவும் துடுப்புப் போட வைத்த ஆய்வொன்று 2010இல் வெளியானது. உழைப்பின் அளவு ஒன்றாக இருந்தும், குழுவாகச் செய்த பிறகு வலியைத் தாங்கும் எல்லை கூடியிருந்தது. தனித்தனி ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த உதவி கிடைப்பதில்லை. தொடர் நீச்சல் அணியினர் சிலர் வட்டமாக நின்று கைதட்டிக் கூவிவிட்டுப் போவதில் இதன் சாயல் கொஞ்சம் உண்டு.

வேலைக்கு முன்னரே இசையால் மனதைக் கட்டுவதற்கும் உடப்பில் உதாரணம் இருக்கிறது. திரௌபதையம்மன் கோவிலில் ஆண்டுதோறும் 18 நாள் உற்சவம் நடந்து தீமிதிப்பில் நிறைவுபெறும். நேர்த்தி வைத்தவர்கள் விரதமிருந்து, மேளமும் முழக்கமும் சூழ வந்து தணலில் இறங்குவார்கள். அது பக்தியின் வழி. அதை விளையாட்டு உளவியலுக்குள் அடக்கிவிட முடியாது, அடக்கவும் தேவையில்லை. ஆனால் நாள்கணக்கான ஒழுங்கு, மாறாத வரிசை, பழகிய ஒலி, கடைசியில் தயங்காத ஓர் அடி என்ற அமைப்பை ஒரு நீச்சல் பயிற்றுநர் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார். அவர் தன் வீரருக்குச் சொல்லிக்கொடுக்கும் முன்னோட்ட ஒழுங்கிலும் சரக்கு ஏறக்குறைய இதுதான். ஒவ்வொரு போட்டிக்கும் அதே நேரத்தில் அதே நீட்டல் பயிற்சி, அதே பாட்டு, கண்ணை மூடி மனதுக்குள் அதே நீச்சல்.

மனதுக்குள் நீந்திப் பார்க்கும் இந்தப் பயிற்சியை பெல்ப்ஸின் பயிற்றுநர் பொப் போமன் சிறுவயதிலிருந்தே அவருக்குப் பழக்கியிருந்தார். 2008இல் 200 மீற்றர் வண்ணத்துப்பூச்சி இறுதியில் அது கைகொடுத்தது. நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, கடைசிப் பகுதியில் அவருக்குச் சுவரே தெரியவில்லை. கை வீச்சுகளை எண்ணி எண்ணியே போய்ச் சுவரைத் தொட்டார். 1 நிமிடம் 52.03 செக்கன், அன்றைய உலக சாதனை. கண் போனாலும் காது போனாலும் எண்ணிக்கை உடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நெடுந்தூரக் கடல் நீச்சலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 2013இல், 64 வயதில், கியூபாவிலிருந்து புளோரிடாவுக்கு ஏறத்தாழ 53 மணி நேரம் நீந்திய டயானா நயாட், தலைக்குள் ஒரு பாட்டுப் பட்டியலை வைத்திருந்தார். ஜோன் லெனனின் 'இமாஜின்' பாட்டை ஆயிரம் முறை மனதுக்குள் பாடினால் 9 மணி 45 நிமிடம் ஆகியிருக்கும் என்பது அவர் கணக்கு. அந்த நீச்சல் இன்றுவரை முறைப்படி உறுதிசெய்யப்படவில்லை என்பது வேறு விவகாரம். இருட்டுக் கடலில் பாட்டைக் கடிகாரமாகவும் துணையாகவும் வைத்துக்கொள்ளும் உத்திக்கு அதனால் குறைவில்லை. நம் கடலிலும் நெடுநேரம் தாக்குப்பிடித்தவர்கள் உண்டு. வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இரு வழியும் கடக்க 51 மணி நேரம் எடுத்தார். தண்ணீரில் அணியும் இசைக்கருவி எதுவும் அந்தக் காலத்தில் கிடையாது. கையின் வீச்சையும் மூச்சையும் ஒரு சீரில் வைத்திருக்க மனதிலிருந்ததுதான் கருவி.

இதிலிருந்து இளம் வீரர்களுக்குக் கிடைக்கும் நடைமுறைப் பாடங்கள் சில உண்டு. போட்டிப் பாட்டைப் போட்டி நாளில் புதிதாகத் தேடக்கூடாது. மாதக்கணக்காகப் பயிற்சியோடு ஒட்டிப் பழகிய பாட்டாக அது இருக்க வேண்டும். தாளத்தையும் தூரத்தையும் பொருத்துவது நல்லது. குறுந்தூர வேக நீச்சலில் கைகள் நிமிடத்துக்கு 120 வீச்சு அளவில் சுழலும், நெடுந்தூரத்தில் அது கணிசமாகக் குறையும். தாம் வீசும் வேகத்துக்கு ஒத்த பாட்டை எடுத்தால் அதை நீருக்குள் கொண்டுபோவது சுலபம். பட்டியலை மெதுவானதில் தொடங்கி விரைவானதில் முடிப்பவர்களும் உண்டு, தலைகீழாக வைப்பவர்களும் உண்டு. எது பொருந்தும் என்பதைச் சிறு போட்டிகளில் பார்த்துக் கண்டுகொள்ளலாம். காது நோகும் அளவுக்குச் சத்தம் வைப்பதால் கூடுதல் பலன் எதுவும் இல்லை, கேட்கும் திறன்தான் கெடும்.

பாட்டைக் கேட்பதோடு நிறுத்தாமல் வாய்க்குள் பாடிப் பழகுவது இவற்றில் அதிகம் பேசப்படாதது. ஹெட்போனைக் கழற்றிய பிறகு, மேடையேறும் வரை உள்ள சில நிமிடங்களில், கடைசியாகக் கேட்ட பல்லவியை முணுமுணுத்துத் தொடையில் தட்டிக்கொண்டு நிற்கலாம். பயிற்சியின்போதும் சில சுற்றுகளை அந்தப் பல்லவியை மனதுக்குள் பாடியே நீந்தலாம். தட்டும் தாளத்துக்கு மூச்சை இழுத்தால் இன்னும் நல்லது. கைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோன நாளிலும், அழைப்பு அறைக்குள் கருவி கொண்டுவரக்கூடாது என்று போட்டி அமைப்பாளர்கள் மறித்த நாளிலும் கலங்காமல் இருக்க இதுவே வழி. இசையைக் கருவியோடு மட்டும் கட்டிவைத்த வீரர் அன்றைக்குப் பாதி தோற்றுவிட்டுத்தான் மேடையேறுவார். இதற்காகவே பயிற்றுநர்கள் வேண்டுமென்றே சில போட்டிகளில் ஹெட்போனை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

கரைவலையிலும் கருவி வந்துவிட்டது. இலங்கையின் பல கரைகளில் டிராக்டரில் பொருத்திய வின்ச் கயிற்றைச் சுற்றி இழுக்கத் தொடங்கியது. இயந்திரத்துக்கு மூச்சு வாங்க இடைவெளி தேவையில்லை, அதனால் முன்பாட்டும் தேவையில்லை. கைகளால் இழுக்கும் வழக்கம் குறையக் குறைய, அம்பா தொழிலிலிருந்து விலகி மேடை நிகழ்ச்சிகளிலும் ஒலிப்பதிவுகளிலும் தங்கத் தொடங்கியிருக்கிறது. அங்கே அதைக் கேட்கலாம். அதன் தாளம் எதற்காக அப்படி அமைந்தது என்பது கயிற்றைப் பிடித்து இழுத்தவருக்குத்தான் தெரியும்.